தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

நான் வேலைக்குப் போன முதல் வீட்டில், முதல் ராத்திரியே பாட்டிம்மா என் கையைக் கடித்துவிட்டார்.

2014ஆம் வருடம், கோயம்புத்தூர். திண்டுக்கல்லில் ஜெனரல் டூட்டி அசிஸ்டன்ட், அதாவது நோயாளியைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சி முடித்துவிட்டு நேராக அங்கே போனேன். பி.பி. பார்க்கத் தெரியும், டயாப்பர் மாற்றத் தெரியும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு உடம்பு துடைத்துவிடத் தெரியும். பாட்டிம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இடது கையும் காலும் வராது, பேச்சு நன்றாகவே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன், விளக்கைப் போட்டால் தூக்கம் கெட்டுவிடுமே என்று இருட்டிலேயே கட்டிலின் இடது பக்கமாகப் போய் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துப் புரட்டினேன். அலறிக்கொண்டே என் மணிக்கட்டை இழுத்துக் கடித்தார். வீடே எழுந்துவிட்டது. அவருடைய மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் அண்ணன்தான் விளக்கினார். மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. கண் நன்றாகத் தெரியும், ஆனாலும் தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு இடது பாதியை அப்படியே வைத்துவிடுவார்கள். "அந்தப் பக்கமா நீ போனா, அவங்களுக்கு சுவத்துக்குள்ள இருந்து ஒரு கை வந்து பிடிச்ச மாதிரிம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இருட்டில், யாரென்றே தெரியாத புதுப் பொண்ணு, வார்த்தை சொல்லாமல் வந்து புரட்டினால் நானாக இருந்தாலும் கடித்திருப்பேன்.

அன்று ராத்திரியிலிருந்து சின்ன விளக்கு ஒன்றைப் போட்டேன், வலது பக்கமாகப் போனேன். "பாட்டிம்மா, நான்தான். இப்ப உங்களைத் திருப்பப் போறேன். தோளைப் பிடிச்சுக்கறேன், சரிங்களா?" அவர் ம்ம் என்ற பிறகுதான் கையை வைத்தேன். ஒரு வாரத்தில் அவரே கூப்பிட ஆரம்பித்தார். "அம்மிணி, நேரமாச்சுல்ல, முதுகு எரியுது பாரு." கொஞ்ச நாள் கழித்து, பிசியோ அண்ணன் சொன்னபடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடது பக்கமாகவும் போய் நின்று பழக்கினோம்.

அதற்கப்புறம் பதினோரு வருடம், பதினாறு வீடு. சில வீட்டில் 12 மணி நேர டூட்டி, பெரும்பாலும் 24 மணி நேரம் அங்கேயே தங்கி. இப்போது ஊரில், வத்தலக்குண்டு பக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்காமலும் நாலைந்து வீடு போய்வருகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கும், வீட்டில் அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் விட முதலில் நான் சொல்வது இதைத்தான்: தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். முகம் துடைக்கவும், நைட்டி பட்டன் கழற்றவும், மாத்திரையை வாயில் வைக்கவும், ஊசி குத்தவும், எல்லாவற்றுக்கும் முன்னால். கேட்கிற நிலையில் இல்லை, நினைவே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஐயா ஒருவர் எட்டு மாதம் கண் திறக்காமல் மூக்கு ட்யூபோடு கிடந்தார். "ஐயா, வாயைத் துடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டால் தாடை தளர்ந்து இருக்கும், சொல்லாமல் தொட்டால் பல்லைக் கிட்டித்துக்கொள்வார். இதை நானே எத்தனையோ தடவை பார்த்தேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நோயாளியின் தலைக்கு மேலே பேசுவது. "நேத்து மூணு தடவை போயிட்டாரு, நாத்தம் தாங்கல" என்று கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மருமகள், நடுவில் அவர். நானும் செய்திருக்கிறேன். ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஐயா கண்ணோரம் தண்ணீர் வடிந்தது. அன்றோடு அந்தப் பேச்சை எல்லாம் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டேன்.

சரி, படுக்கைப் புண்ணுக்கு வருகிறேன். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பிரச்சினைதான் கூப்பிட வைத்தது.

மூன்றாவது வீட்டில் படுத்திருந்த ஐயாவுக்குப் பையன் நல்ல விலை கொடுத்து ஏர் பெட் வாங்கிப் போட்டிருந்தார், இனி கவலையில்லை என்று நினைத்துவிட்டார். அதன் மேல் மெத்தை விரிப்பு, ரப்பர் ஷீட், அதற்கு மேல் மடித்த போர்வை, அதற்கும் மேல் டயாப்பர். இத்தனை அடுக்கு போட்டால் காற்று ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டவே எட்டாது. அது போதாதென்று மதியம் கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், மெத்தை மெல்ல அமுங்கும், யாரும் கவனிப்பதில்லை. நான் போனபோது இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காமல் சிவப்பாகவே நின்றது. வெளுக்கவில்லை என்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கறுப்பான தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஏர் பெட் வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல பொருள்தான். அது இருந்தாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். சாதாரண மெத்தையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முழுசாகப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பு மேல் பாரம் இறங்கி அங்கே புண் வரும், அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அண்டைக் கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். குதிகாலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். தோல் மெத்தையில் உரசிப் பிய்ந்துவிடும், பக்கவாதம் வந்த கை என்றால் தோள் மூட்டே இறங்கிப் போகும். பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்து தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அடியில் போட்டு வையுங்கள், இரண்டு பக்கமும் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். பாலியஸ்டர் வேண்டாம், வேர்க்கும்.

சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, ஸ்பிரிட் தடவி பவுடர் கொட்டுவது, நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தில் உட்கார வைப்பது, இதெல்லாம் முன்னாடி ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள். இப்போது செய்யக்கூடாது என்கிறார்கள், காரணமும் புரிகிறது. உள்ளே நைந்துபோன சதையை மேலே தேய்த்தால் இன்னும் நையும். வளையத்தில் உட்கார்ந்தால் ஓட்டையைச் சுற்றி இருக்கிற தோலில் ரத்த ஓட்டம் தடைபடும். ஈரம் ஆகாமல் பார்த்துக்கொண்டு, பாரத்தை இறக்கிவிட்டால் ஆரம்பச் சிவப்பு தானாகவே ஆறும். அந்த ஐயாவுக்கு ஆறு நாளில் ஆறியது. தோல் கிழிந்துவிட்டால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், நர்ஸையோ டாக்டரையோ வரச் சொல்லுங்கள்.

புண்ணை விடவும் எனக்குப் பயம் அதிகம் புரை ஏறுவதில்தான்.

பக்கவாதம், பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய், முற்றிய மறதி நோய், மூன்றிலுமே விழுங்குவது சரியாக நடக்காமல் போகலாம். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். வீட்டில் எல்லோரும் சோறுதான் அடைக்கும், தண்ணீர் நல்லது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீர் வேகமாக ஓடிவிடும், தொண்டை மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். நிறைய பேருக்கு கூழ் பதத்தில், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுகிற மாதிரி இருக்கிறதுதான் சுலபமாக இறங்கும். ராகிக் கூழ், குழைத்த பருப்பு சாதம், சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி. யாருக்கு எந்தப் பதம் என்பதை விழுங்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட் பார்த்துச் சொன்னால் நல்லது.

ஊட்டும்போது நேராக உட்கார வைத்து, முதுகுக்கு அண்டை கொடுத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கி வைக்க வேண்டும். நின்றுகொண்டு ஊட்டாதீர்கள், நீங்கள் நின்றால் அவர் உங்களைப் பார்க்கத் தலையைத் தூக்குவார், தொண்டை திறந்துகொள்ளும். ஸ்டூல் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். சின்ன கரண்டியில் பாதி. தொண்டை மேலே ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். வராத பக்கத்துக் கன்னத்தில் சாதம் ஒதுங்கிக் கிடக்கும், கடைசியில் விரலில் ஈரத்துணி சுற்றி எடுத்துவிட வேண்டும், கடிக்கிறவர் என்றால் விரலை விடாமல் ஸ்பாஞ்சு குச்சி. ஊட்டி முடித்து அரை மணி நேரம் சாய்க்கவே கூடாது. இருமல் வராமலும் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பது பலருக்குத் தெரியாது. சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கொளகொளவென்று வந்தால் நிறுத்திவிடுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு ட்யூப் இருப்பவருக்கு மூக்கருகே ட்யூபில் பேனாவால் குறித்த அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள்.

ஒரு வீட்டில் டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டே அம்மாவுக்கு ஊட்டுவார்கள். அந்த வீட்டில் மூன்று மாதத்தில் இரண்டு தடவை நிமோனியா. டி.வி.யை அணைக்கச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. அப்புறம் சொன்னேன், கோபப்பட்டார்கள், பிறகு அணைத்தார்கள். அந்த ஒரு வாரம் ஏன் தயங்கினேன் என்று இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது.

என் கையால் நடந்த தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சுகர் உள்ள பெரியம்மா ஒருவருக்கு காலை ஏழரைக்கு இன்சுலின், எட்டு மணிக்குச் சாப்பாடு. அன்றைக்கு ஊசி போட்டுவிட்டேன், சமையல்கார அக்கா வர நேரமாகிவிட்டது, நான் துணி அலசப் போய்விட்டேன். எட்டேமுக்காலுக்கு வந்து பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுக்கம், என்னை வேறு யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். குளுக்கோமீட்டரில் பார்த்தால் சுகர் 48க்கு இறங்கியிருந்தது. நல்ல வேளை விழுங்குகிற நிலையில் இருந்தார். மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், 82க்கு வந்தது, உடனே இட்லி கொடுத்தேன். மயங்கிவிட்டிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். அன்று முதல் தட்டு கண்ணெதிரே வந்த பிறகுதான் ஊசியைத் தொடுவேன். எந்த வீட்டுக்குப் போனாலும் நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டுவிடுவேன். சாப்பாடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, யூரின் எவ்வளவு, மலம் போன நாள், எந்தப் பக்கம் திருப்பினேன், எல்லாம் நேரத்தோடு. நேற்று வரைக்கும் தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். யூரின் இன்ஃபெக்ஷனாக இருக்கலாம், உப்புச்சத்து இறங்கியிருக்கலாம், சுகர் குறைந்திருக்கலாம், நாலு நாளாக மலம் போகாததாகக்கூட இருக்கலாம். டாக்டர் கேட்கிற முதல் நாலு கேள்விக்கும் அந்த நோட்டில் பதில் இருக்கும்.

பார்க்கின்சன் வந்த ரிட்டையர்டு தாசில்தார் ஐயா ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசையாக இருக்கிறது. நடந்து வந்துகொண்டே இருப்பார், கதவு வாசல் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். வீட்டில் கையைப் பிடித்து இழுப்பார்கள், மேல் உடம்பு வரும், கால் வராது, விழுவார். இரண்டு தடவை விழுந்திருந்தார். இழுக்கக் கூடாது, நிற்க விட வேண்டும். தரையில் குறுக்காக ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் எழும்பும் என்று அவருடைய டாக்டர் சொன்னார். வாசலில் மஞ்சள் டேப்பை ஓரடி இடைவெளியில் ஒட்டினோம். முதல் நாள் அவர் அதைத் தாண்டி நடந்து வந்து, என்னைப் பார்த்து, "இத்தனை நாளும் இதுக்குத்தான் என்னைத் திட்டுனாங்களா" என்று கேட்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஐயாவுக்கு மாத்திரை நேரமும் உயிர் மாதிரி. அரை மணி தள்ளிப்போனால் எழுந்திருக்கவே முடியாது. வீம்பு பிடிக்கிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த நேரங்கள் எல்லாம் மாத்திரையின் வேகம் குறைந்துபோன நேரங்கள்தான், நோட்டில் எழுதிப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது.

இப்போது எங்களைப் பற்றியும் கொஞ்சம். ஏஜென்சி மூலமாகப் போகிற பெண்களுக்கு வீட்டுக்காரர் கொடுக்கிற பணம் முழுசாக வருவதில்லை. எவ்வளவு பிடிக்கிறார்கள் என்றும் சொல்வதில்லை. அதை நீங்கள் ஒரு தடவை கேட்டாலே எங்களுக்கு மரியாதையாக இருக்கும். 24 மணி நேர டூட்டி என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பது என்று யாரும் நினைக்கக்கூடாது. ராத்திரி நாலு தடவை எழுந்தவளுக்குப் பகலில் மூன்று மணி நேரம் தூங்க இடமும் நேரமும் வேண்டும், அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம் இல்லாதவள் கையில் இன்சுலின் ஊசி இருப்பது யாருக்கு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுங்கள். முதல் நாளே உட்கார்ந்து என்ன வேலை, என்ன வேலை இல்லை என்று பேசிவிடுங்கள். நோயாளிக்குக் கஞ்சி வைப்பேன், வீட்டுக்கே சமைத்து, பாத்திரம் தேய்த்து, பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டால் நோயாளியைத் திருப்புவது யார்?

தனி டம்ளர் வைத்த வீடும் உண்டு. பீரோ சாவி காணோம் என்று என் பையைக் கொட்டிப் பார்த்த வீடும் உண்டு. சாவி ஐயாவின் தலையணை உறைக்குள் இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் தொடர்ந்து இருந்தேன், ஐயா நல்லவர், அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. ஆனால் தங்கச்சிகளுக்கு நான் சொல்வது, அப்படி நடந்தால் வேறு ஆள் ஏற்பாடு ஆகிறவரை இருந்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நகை, பணம் உள்ள அறைக்கு முதல் நாளே பூட்டுப் போடச் சொல்லுங்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது. ஆண் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ராத்திரி தங்குகிற இடத்துக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் கீழே ஆடாத மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள், சக்கரம் உள்ள கட்டில் என்றால் அது வேண்டாம். முட்டியை மடக்கித் தூக்குங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். 34 வயதில் எனக்கு இடுப்பு டிஸ்க் விலகி நாலு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன், அந்த நாலு மாதத்துக்கு ஏஜென்சி ஒரு போன்கூடச் செய்யவில்லை.

காசு வாங்காமல் போவது எப்படி ஆரம்பித்தது என்றால், 2018இல் பாலக்காட்டில் எட்டு மாதம் டூட்டி பார்த்தேன். கேரளாவில் இது பெரிய வழக்கமாக இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி நிவாரண சிகிச்சையை ஆரம்பித்தார்கள், பிறகு அது மலப்புறம் பக்கம் ஊர் ஊராகப் பரவியது. ஆட்டோ ஓட்டுகிறவர், டீக்கடைக்காரர், ரிட்டையர்டு வாத்தியார், காலேஜ் பிள்ளைகள் என்று சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் தெருவில் படுக்கையில் இருக்கிற நோயாளியின் வீட்டுக்கு முறை வைத்துப் போகிறார்கள். 2008இல் அந்த மாநில அரசு இதற்கென்றே கொள்கை அறிவித்தது, பஞ்சாயத்து சார்பில் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். நான் இருந்த வீட்டுக்கு எதிர் வீட்டில் புற்றுநோய் வந்த ஒரு சேச்சி இருந்தார், வாரத்துக்கு ஒரு நாள் நாலு பேர் வருவார்கள், நர்ஸ் புண்ணைக் கட்டுவார், மற்றவர்கள் அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டு, பையனுடைய பரீட்சை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் ஒருத்தர் படுத்துவிட்டால் முதல் வாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் குவியும், மூன்றாவது மாதம் தெருவே எட்டிப் பார்க்காது. அந்த நினைப்பு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நம் பக்கமும் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். எங்கள் தெருவிலிருக்கும் தன்னார்வலர் அக்காதான் என் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை கொண்டுவந்து தருகிறார். அந்தத் திட்டத்தில் பிசியோவும் வலி நிவாரண நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள் என்பது படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டுக்கே பல நேரம் தெரியாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று பதிந்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் போகிறோம். ரிட்டையர்டு டீச்சரம்மா, மெடிக்கல் ஷாப் அண்ணன், காலேஜ் படிக்கிற ஒரு பிள்ளை, நான். முதல் ஒன்றிரண்டு மாதம் நாங்களாகவே ஏதேதோ செய்தோம், பழம் வாங்கிப் போனோம், யோசனை சொன்னோம். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போன தம்பி ஒருவன், இருபத்தாறு வயசு, எங்களைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாலாவது வாரம் டீச்சரம்மா, "தம்பி, நாங்க என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்று கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, "முடி வெட்டணும்க்கா" என்றான். விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது, அம்மா கத்திரிக்கோலால் வெட்டிவிட்டது பிடிக்கவில்லை, கடைக்குப் போக முடியாது. அடுத்த வாரம் சலூன்காரரைக் கூட்டிப் போனோம். கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் இன்னும் ஏற்றச் சொன்னான். அன்றைக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினோம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வந்தது, தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அது உண்டு. வீல்சேரில் உட்கார்ந்தால் கால் மணிக்கொரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பழகினான், உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் அவனுக்கே தெரியாது இல்லையா. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அதை 1981இல் ஆரம்பித்த ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர் என்று மெடிக்கல் ஷாப் அண்ணன் சொன்னபோது, போனில் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தான்.

தன்னார்வலராகப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. போட்டோ எடுக்காதீர்கள். அரிசிப் பையை நீட்டியபடி, டயாப்பரோடு கிடக்கிறவரைப் பின்னால் வைத்து எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மாத்திரையை மாற்றச் சொல்லாதீர்கள், யாரோ தேன் சாப்பிட்டு நடந்தார் என்று சொல்லாதீர்கள். அடுத்த வாரம் வருவோம் என்றால் வாருங்கள், வர முடியாதென்றால் போன் செய்யுங்கள். அவர்கள் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இருக்கிற இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிற அம்மாவையோ மனைவியையோ வெளியே அனுப்பிவிடுங்கள். தம்பியின் அம்மா முதல் தடவை எங்கள் பேச்சைக் கேட்டு வெளியே போனபோது கோயிலுக்குப் போவார் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்து ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வந்தார்.

போன வருடம் என் அம்மாவே பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிப் படுத்தார். நான் டூட்டியில் இருந்தேன், இரண்டு வாரம் கழித்துத்தான் வர முடிந்தது. என் கூடப்பிறந்த தம்பிதான் பார்த்துக்கொண்டான். டிராக்டர் ஓட்டுகிறவன், வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைத்ததில்லை. போனிலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், கட்டிலை உயர்த்து, சேலையை மடித்துப் போடு, டாக்டர் சொன்ன மாதிரி காலுக்கு நடுவில் தலையணையை எடுக்காதே. என்ன செய்து வைத்திருக்கிறானோ என்று பயந்துகொண்டேதான் பஸ் ஏறினேன்.

வாசலில் செருப்பை விடும்போது உள்ளே அவன் குரல் கேட்டது. கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினான். "யம்மா, திருப்பப் போறேன். தோளைப் பிடிச்சுக்கறேன்."

"இருடா" என்றார் அம்மா. "முந்தானையைச் சரி பண்ணிக்கிறேன்."

அவன் கையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.